ஞாயிற்றுக்கிழமையும் வந்த இருமல்

“இந்த இருமல் எத்தனை நாளா இருக்குதுங்க டீச்சர்?”

நீங்கள் கேட்ட இந்தக் கேள்வி இன்று காலை பீளமேட்டில், குழந்தை மருத்துவரின் அறைக்கு வெளியே, ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாசனையோடு திரும்பி வந்தது. பேத்தியின் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி. துணைக்குப் போயிருந்தேன். நீங்கள் மறைந்து நாற்பது நாளாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவிநாசிக்குப் பக்கத்தில் நமது கிராமம். நீங்கள் அங்கே கிராம சுகாதாரச் செவிலியர், நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஊசிப் பெட்டியோடு பள்ளிக்கு வந்த நீங்கள் என் இருமலைக் கேட்டு நின்றுவிட்டீர்கள்.

“ரெண்டு வாரமாங்க. சாக்பீஸ் தூசி ஒத்துக்கறதில்ல” என்றேன்.

“ஞாயித்துக்கிழமையும் இருமறீங்களா?”

“ஆமாங்க.”

“அன்னிக்கு ஏதுங்க சாக்பீஸ்?”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சிலரும் மூச்சு வாங்க இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “இது கக்குவான் இருமலாட்டம் இருக்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. மருந்து சாப்பிட்டு அஞ்சாறு நாள் போகட்டும். அதுவரைக்கும் பச்சக் கொழந்தை இருக்கற ஊட்டுப் பக்கம் போயிராதீங்க” என்றீர்கள். கக்குவான் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, எனக்கென்ன வயது என்றேன். “டீச்சருன்னா கிருமி கையக் கட்டிட்டு நிக்குமாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் மல்லிகாவின் கணவர் வந்தார். மல்லிகா என்னிடம் படித்தவள், குழந்தை பிறந்து மூன்று நாள். “நீங்க வந்து சேனை வெச்சாத்தான் ஆச்சுன்னு உக்காந்திருக்குதுங்க. புள்ளைக்கு உங்க பொறுமை வரோணுமாம்.”

சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அப்படி ஒரு மதிப்பைத் தரும்போது மறுக்க எனக்கு மனம் வரவில்லை. போனேன். குனிந்து விரலை வைக்கும்போதே இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்தேன், ஆனால் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். “பயப்படாதே அம்மணி, சாக்பீஸ் தூசி” என்றேன்.

பதினைந்தாம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. பெரிதாக இருமக்கூட இல்லை. அதனால் யாருக்கும் தோன்றவில்லை, பால் செரிக்கவில்லை என்றார்கள். மூச்சு நின்று நின்று வந்தது, உதடு நீலமானது. பார்த்தவுடன் நீங்கள்தான் கார் பிடித்துக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனீர்கள். நான்காம் நாள் மல்லிகா வெறுங்கையோடு காரிலிருந்து இறங்கினாள்.

“என்னாலயாங்க?” என்று உங்களிடம் கேட்டேன். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியலீங்க டீச்சர். ஊருல இன்னும் நாலஞ்சு பேரு இருமிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா உங்களால இல்லைன்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

அந்தப் பதிலை இத்தனை வருடமும் நான் மதித்து வந்திருக்கிறேன். அன்று மட்டும் வெறுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, நீங்கள் தடுத்தும் நான் இருமலோடு வந்து சேனை வைத்ததை மல்லிகாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. “சொல்லாம இருந்திருக்கலாமுங்க டீச்சர்” என்றாள். பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

அதன்பின் நீங்கள் கர்ப்பிணி வீடுகளுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனீர்கள். பாடம் நடத்துகிற பழக்கத்தில் உதாரணம் சொல்வேன். நமக்கு மூச்சுக்குழாய் வாய்க்கால் மாதிரி, சளி விழுந்தாலும் அடித்துக்கொண்டு போய்விடும். பச்சைக் குழந்தைக்கு அது கீரைத்தண்டு அளவு. நீங்கள் சுருக்கமாகச் சொல்வீர்கள்: “மொத ஊசிக்கே ஒன்றரை மாசம் ஆகோணும். அதுவரைக்கும் நாமதானுங்க வேலி.” சேனை விஷயத்தை மட்டும், “ஏதோ ஒரு டீச்சர்னு சொல்லுங்க, போதும்” என்றீர்கள். நான் கேட்கவில்லை. அந்த டீச்சர் நான்தான் என்றே சொன்னேன். அப்போதுதான் பெண்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மல்லிகா என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் வாசலில் நின்றேன். அவள் குழந்தையை ஜன்னலுக்குப் பின்னால் தூக்கிக் காட்டினாள். “மூணு ஊசியும் ஆகட்டுங்க டீச்சர், அப்பறம் மடியில வெச்சுக்கங்க” என்றாள். வைத்துக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

இன்று மருத்துவர், கர்ப்பிணிகளுக்கே கக்குவானுக்கான ஊசி உண்டு, அடுத்த முறை கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேத்தியிடம் சொன்னார். கேட்க நீங்கள் இல்லையே என்றிருந்தது.

மல்லிகாவின் முதல் குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அதன் நாக்கு என் விரலில் பட்ட ஈரம் எனக்கு இன்னும் தெரிகிறது. அதைத் துடைத்துக்கொள்ள நான் விரும்பியதில்லை.

இதைப் படிக்கிறவர் யாரானாலும், உங்களுக்கு இருமல் இருந்தால், அது எந்த இருமலானாலும், பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டின் வாசலில் நின்று நலம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.