பச்சைப் பொத்தான்

அன்புள்ள குட்டிக்கு, அப்பா எழுதுவது.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை பேனா அந்த இடத்திலேயே பிரேக் போட்டுவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அதை மட்டும் மனசார எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து காதை நீட்டுகிறாள். உன்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். வாயைப் பற்றித்தான் சத்தியம், பேனாவைப் பற்றிப் பேச்சே வரவில்லை. கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவார்.

அம்மா விழுந்தால் உனக்குச் சேதி சொல்ல நீ அனுப்பிய கைக்கடிகாரத்தின்மேல் குற்றமே இல்லை. செவ்வாய்க்கிழமை சமையலறை ஈரத்தில் உன் அம்மா வழுக்கி விழுந்தாள். அடுத்த நொடியே அது கத்தி, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டது. இவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘நலமாக இருக்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டாள்! அதுவும் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டது. உன் போனிலும் அன்று பச்சையே காட்டியிருக்கும்.

புதிதில் இவள் போர்வையை உதறியதற்கே அது உனக்கு அலாரம் அடித்ததே, நினைவிருக்கிறதா? நீ ஆய்வகத்தில் பாதி வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அன்றிலிருந்து “என்னால அவ பொழப்பு கெடக் கூடாது” என்று ஒரே பிடி. கடிகாரத்தைக் கழற்றவும் மாட்டாள். கழற்றினால் நீ கவலைப்படுவாயாம்.

என் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவன், பெண்டாட்டியைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. மூட்டு மடங்கி நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்திருக்க வரவில்லை. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. நானாவது உன்னைக் கூப்பிடும் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம் என்று அவள் கையைப் பிடித்தால், கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டாள். “ஒருத்தி விழுந்தா போதாதா, நீங்களும் துணைக்கா?” என்று நக்கல் வேறு. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். மதியம் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்த எலெக்ட்ரீஷியன் என் கூப்பாடு கேட்டு மேலே வந்து தூக்கிவிட்டார்.

இடுப்பு வீங்கியிருக்கிறது. சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால், “வெறும் சுளுக்கு, தைலம் தடவினா போயிடும்” என்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமலும் கிடந்து பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நீ சொன்னால் கேட்பாள். ஆனால் உனக்குத் தெரிந்துவிட்டது என்றால் மனசு ஒடிந்துபோவாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. சத்தியமாகத் தெரியவில்லை.

இனிமேல் உன் போனில் பச்சை வந்தால் நம்பாதே. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மேலே போய்ப் பார்க்கச் சொல்.

இதோ, உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். “கடுதாசியா எழுதுறீங்க? நான் நல்லா இருக்கேன்னு மறக்காம எழுதுங்க!”

எழுதிவிட்டேன். உன் அம்மா நலமாக இருக்கிறாள்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார், கண்ணு.

உன் அப்பா