போலீஸ் வேன் நீலம்

மதினி,

தையல்காரர் வெட்டியது போக மிஞ்சிய துணியைச் சுருட்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறார். மடியில் விரித்துப் பார்த்தேன். அதே நீலம். உங்கள் பீரோ வாசம் இன்னும் அதில் இருக்கிறது. அழுகை வர வேண்டிய இடம்தான். ஆனால் இந்தச் சேலையைப் பார்த்து யாரால் அழ முடியும், சொல்லுங்கள்?

கல்யாணமாகி நீங்கள் இலத்தூர் வந்த முதல் சாரல் சீசனுக்கு அண்ணன் தனியாகத் தென்காசிக்குப் போய் எடுத்து வந்த சேலை. அப்போது அவன் போலீஸில் சேர்ந்த புதிது. பொட்டலத்தைப் பிரித்த நீங்கள் சேலையை மெதுவாகத் திரும்ப மடித்தீர்கள். எனக்குத்தான் வாய் நிற்காதே. "அண்ணே, ஸ்டேஷன் வேனுக்கு உறை தைக்க வாங்கினத மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. நீங்கள் உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து வந்து, சேலையின் உள்முனையில் ஒரு பொட்டு வைத்து, மறுநாளே கட்டிக்கொண்டீர்கள். "ஆசையா எடுத்துட்டு வந்திருக்காவ, ஒரு நாளாவது கட்டணும்லா" என்று என் காதில் மட்டும் சொன்னீர்கள்.

கட்டியது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பார்த்து குற்றாலத்துக்குக் கிளம்பினோம். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நாம் போய் நின்றதும் சேலை சாயம் விட ஆரம்பித்தது பாருங்கள், உங்களைச் சுற்றி ஒரே நீலத் தண்ணீர். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த கேரளத்து அம்மா தன் வெள்ளை முண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகி ஓடினாள். "மதினி, காலு ரெண்டும் கிருஷ்ணன் காலு கணக்கா இருக்கு, வெண்ணெய் கொண்டு வரட்டா?" என்றேன். நீங்கள் என் கழுத்தைப் பிடித்து அருவிக்குள் அமுக்கினீர்கள். "ஏட்டி, உன் வாயைக் கழுவ இந்தத் தண்ணி பத்தாது!"

அதன் பிறகு அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. மகளுக்கும் அதே நிறங்களில்தான் எடுத்துக் குவித்தீர்கள்.

வினையே அங்கேதான் வந்தது. உங்கள் மகளைச் சட்டக் கல்லூரியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பரீட்சையில் நல்ல மார்க்குதான். ஆனாலும் நேரில் பேசித் தேறினால்தான் இடம். இது கிடைக்காவிட்டால் வக்கீல் படிப்பை மறந்துவிட்டுப் பக்கத்தில் கிடைக்கிற காலேஜில் சேர வேண்டியதுதான் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. போனைப் பார்ப்பதும் பீரோவைத் திறப்பதுமாக இருந்தாள்.

"அத்த, இன்டர்வியூவுக்குக் கண்ணைப் பறிக்கிற கலரே கூடாதாம். அடர் நீலம், சாம்பல், வெள்ளை, இவ்வளவுதானாம். என் துணி பூராம் அம்மா எடுத்தது. எதைப் போட்டாலும் கல்யாண வீட்டுக்கு வந்தவன்னு நெனைப்பாங்க."

"சாம்பலும் வெள்ளையும் வேண்டாம்," என்றான் அண்ணன் வாசலில் இருந்தபடியே. "இந்த வருசம் அதைப் பாத்தது போதும்."

நீலத்தில் புதிதாக எடுக்கலாம் என்றால், நீங்கள் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. முதல் திவசம் கழியாத வீட்டில் புதுத்துணி உடுத்தக் கூடாது. அப்போதுதான் எனக்கு அடித்தட்டு நினைவுக்கு வந்தது.

எடுத்து உதறினால், மதினி, அது பழைய சேலையே இல்லை. அருவி அதன் திமிரை எல்லாம் அடக்கி வைத்திருந்தது. பளபளப்புப் போய், நல்ல பதவிசான அடர் நீலம். பிள்ளை போனில் பார்த்துக்கொண்டிருந்த இன்டர்வியூ சட்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. "மேல்சட்டை தச்சிரலாம், கீழ போட ஸ்கூல் யூனிபார்ம் நீல பேன்ட் போதும்" என்றேன்.

நம் வீட்டு ஏட்டையா, அண்ணன், விடுவாரா? விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"தச்சா அது புதுத்துணிதானட்டி?"

"துணி பழசுண்ணே. தையல்தான் புதுசு."

"அப்போ உடுத்துததுக்கு முன்ன மஞ்ச வைப்பியா, மாட்டியா?"

என்ன சொல்ல? வைத்தால் புதுத்துணி என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். வைக்காவிட்டால் தாயில்லாத பிள்ளையை ஒரு நல்ல காரியத்துக்கு மூளியாக அனுப்பியதாகிவிடும். நான் வாயடைத்து நின்றேன், மதினி. அந்தக் காட்சியைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பிள்ளை சேலையை வாங்கி முழுக்க விரித்தாள். உள்முனையைத் தூக்கிக் காட்டினாள். நீலத்தில் மஞ்சள் ஏறி, பாசி படிந்த மாதிரி பச்சையாக ஒரு பொட்டு.

"இது அம்மா வச்சதுப்பா. ஏற்கனவே மஞ்ச வச்சு உடுத்தின துணி எப்படிப் புதுசாவும்? இனி ஒருக்க வைக்கவும் வேண்டாம். அம்மா வச்சதே எனக்கும் போதும்."

அண்ணன் அந்தப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தான். "அந்த முனையை வெட்டிராமத் தைக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். தையல்காரர் அதைக் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

நேர்காணலுக்கு நான்தான் துணைக்குப் போனேன். பிள்ளை உள்ளே போனதும் அங்கே கிடந்த நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டு ஒரு பெண் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, இப்பவே வக்கீலாயிட்டியா? எனக்கு ஒரு வேலித் தகராறு இருக்கு, பாக்கியா?" என்றேன். பாவம், சிரித்துவிட்டாள். எனக்கும் எண்ணிக்கை விட்டுப்போனது.

உங்கள் மகள் வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒரு தகராறைச் சொல்லி வாதாடு என்றார்களாம். இவள் இந்தச் சேலை வழக்கையே எடுத்து வைத்திருக்கிறாள். தைத்துவிட்டால் புதிதுதான் என்றாராம் ஒரு சார். உடுத்திய துணி எப்போதும் பழையதுதான் என்றாராம் ஒரு மேடம். இரண்டு பேரும் அவர்களுக்குள்ளேயே மோதிக்கொள்ள, இவள் நடுவில் நின்று, அப்பா பக்கத்து நியாயத்தையும் விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாள். கடைசியில் அந்த மேடம், "இப்போ போட்டிருக்கிறதுதான் அந்தத் துணியா?" என்று எட்டிப் பார்த்தாராம்.

இடம் கிடைத்துவிட்டது, மதினி. நேற்றுச் செய்தி வந்தது. அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தான். பிறகு என்னைப் பார்த்து, "யாரு எடுத்த கலரு?" என்றான். நேற்றிலிருந்து இதே பேச்சுதான். பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஆயுசில் ஒரே ஒரு தடவை சரியான கலர் எடுத்திருக்கிறான், அதையும் மகள் பிறப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டான்!

அந்தத் தைரியத்தில் இன்று காலையில் தென்காசிக் கடைக்கே போய்விட்டான். வருசம் திரும்பியதும் பிள்ளை காலேஜுக்குப் போட்டுப்போக இப்போதே எடுத்து வைக்கிறானாம். அங்கிருந்து எனக்குப் போன். "ஏட்டி, செங்கல் கலர்ல ஒண்ணு இருக்கு. பச்சைக் கட்டம் போட்டது. ரொம்ப எடுப்பா இருக்கு."

நாக்கு நுனி வரைக்கும் கேலி வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நான் எவ்வளவு கேலி பண்ணியும் அவன் ஒரு கலரையாவது மாற்றியிருக்கிறானா? உங்கள் வழி வேறு. ஒரு நாளும் அவனிடம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அவனாகவே துணியைத் திரும்ப வைத்துவிட, ஒரே ஒரு வரிதான் வைத்திருந்தீர்கள். அதை அப்படியே எடுத்துச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கும்ணே. எதுக்கும் கடைக்கு வெளிய கொண்டு போய், வெளிச்சத்துல வச்சுப் பாரு."

போனுக்குள் அவன் கடைப்படி இறங்குகிற சத்தம். தெருவில் பஸ் போகிற இரைச்சல் கேட்டது.

"இங்கன ஏதுட்டி வெளிச்சம்? ஒரே மேக மூடாக்கா சாரல்லா அடிக்கி," என்றான். பிறகு, "சரி, இது வேண்டாம். வேற பாக்கேன்."