ஜெனிக்குச் செய்த ஆப்பிள் கிரிஸ்ப்

பள்ளிவாசல் கிராமம், செவ்வாய்க்கிழமை இரவு.

வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து மருமகள் ஜெனி சரியாகச் சாப்பிடுவதில்லை; அழவும் இல்லை. இன்று சந்தையில் காந்தளூர் ஆப்பிள் கிடைத்தது. அவளுக்குப் பிடிக்குமே என்று ஆப்பிள் கிரிஸ்ப் செய்தேன். அவள் செய்யும்போது பார்த்ததுதான், எனக்குப் பக்குவம் தெரியாது. நறுக்கிய ஆப்பிளில் சர்க்கரையும் பட்டைத் தூளும் பிரட்டி, மேலே ஓட்ஸும் மாவும் வெண்ணெயும் பிசிறித் தூவி ஓவனில் வைத்தேன்.

வாசனை பிடித்து அவளே எழுந்து வந்தாள்.

"அத்தே, மேல கருகுது. அணைச்சிருங்க."

வெளியே எடுத்ததும் ஓரத்தைக் கரண்டியால் சுரண்டி, ஊதி வாயில் போட்டாள்.

"புளிக்குதாம்மா?"

"லேசா. நல்லாத்தான் இருக்கு." இன்னொரு வாய் எடுத்தாள். "மசக்கையில இதத்தான கேட்டுக்கிட்டே இருந்தேன், இல்லத்தே?"

சொல்லிவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அழட்டும் என்று விட்டேன். தோளைப் பிடித்தபடி கூடவே நின்றேன்.

ஆறப்போகிற புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் ராத்திரி அவளே தட்டை எடுத்துவந்து, "பசிக்குது அத்தே, சோறு போடுங்க" என்றாள்.