மஞ்சள் முள்ளங்கியும் குழலியின் பசியும்

பெரிய காஞ்சிபுரம்,
பவ வருஷம் தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணான சிரஞ்சீவி கச்சபேசனுக்கு அம்மா அம்சவேணி உன் நெற்றியில் திருநீறு பூசியதாக நினைத்துக்கொண்டு ஆசீர்வதித்து எழுதுவது. சுவாமி கிருபையால் இங்கே உன் அப்பா சுகம், நான் சுகம், உன் பெண்சாதி ஏலவார்குழலி சுகம், சுகம், சுகம். என்ன இது அம்மா கை தவறி எழுதிவிட்டாளா என்று பார்க்காதே, இந்தப் பக்கம் முழுவதும் அதையே எழுதுவேன், காகிதம்தான் போதாது. ரயில்வே வேலைக்காகப் போயிருக்கிற அந்தக் குன்னூர்க் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. இந்தக் கடிதத்தை உன் அப்பாதான் எழுதுவதாக இருந்தார், அவரிடம் விட்டால் குழலி சாப்பிட்டாள் கவலை வேண்டாம் என்று ஒரு கார்டில் கிறுக்கிப் போட்டுவிட்டுத் தறிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். இது கார்டில் அடங்குகிற சமாசாரமா? பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த நாலாம் வகுப்புக்கு இன்றைக்குத்தான் முழுசாக வேலை வந்திருக்கிறது.

மசக்கை ஐந்தாம் மாதம் பிறந்தும் விடவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தோம் அல்லவா, அதற்குப் பிறகு இன்னும் மோசமாகப் போய்விட்டது. சோறு வடிக்கிற வாசனை ஆகாது, கடுகு வெடித்தால் ஆகாது, காப்பிக்கொட்டை எதிர்வீட்டில் வறுத்தால்கூட இங்கே பின்கட்டுக்கு ஓடுவாள். கஞ்சி கொடுத்தால் அரை நாழிகை தங்காது. கையில் போட்ட கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிற்று. ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, எது உள்ளே தங்குகிறதோ அதைக் கொடுங்கள், இது வேண்டும் அது கூடாது என்று பார்க்காதீர்கள், இந்த வாரமும் இப்படியே போனால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். போன வருஷம் ஒன்று தங்காமல் போனதே, அந்த நினைப்பு வீட்டில் எல்லோருக்கும் இருந்தது, ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. உன் அப்பா நெய்கிறபோது பாட்டுப் பாடுகிறவர், பாட்டை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் உன் சிநேகிதன் தாவீது கூடையோடு வந்து நின்றான். மேட்டுப்பாளையத்தில் ஏறியது முதல் அரக்கோணத்தில் வண்டி மாறி இங்கே வந்து இறங்குகிற வரைக்கும் அதை மடியை விட்டு இறக்கவில்லையாம். உங்க மருமகளுக்கு எது அனுப்பறதுன்னு தெரியாம கச்சபேசன்தான் தோட்டக்காரன் கையில கெஞ்சி வாங்கித் தந்தான்மா, வழியில பசி தாங்காம நான் ரெண்டு கடிச்சிட்டேன், கோவிச்சிக்காதீங்க என்றான். கூடையைப் பிரித்தால் ஈரச் சாக்கின் நடுவே நீளநீளமாக என்னவோ படுத்துக்கொண்டிருக்கிறது. உன் அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னாடி அம்சவேணி, முள்ளங்கி காவி கட்டிக்கினு சாமியாராப் போயிட்டாப்ல இருக்குதே என்றார். அதைக் கேட்டுப் பாயில் கிடந்த குழலி களுக்கென்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! அதற்காகவே உன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடலாம் போல இருந்தது எனக்கு. இதற்குப் பெயர் காரட்டு, மஞ்சள் முள்ளங்கி என்றும் சொல்வார்கள் என்று தாவீது விளக்கினான். அவனை நன்றாகச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினேன்.

முள்ளங்கி என்று காதில் விழுந்ததும் என் புத்தி போன போக்கைக் கேள். பெருங்காயம் மணக்க சாம்பார் வைத்தேன். அது வேகவேகத் தித்திப்பு இறங்கிப் பாயசமும் இல்லை குழம்பும் இல்லை என்று ஆகிவிட்டது. உன் அப்பா ஒரு வாய் வைத்து, சாம்பாருக்கும் பாயசத்துக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டியா என்று கேட்டார். குழலியோ தாளிப்பு வாசனைக்கே பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து உன் கமலவேணி அத்தை வந்துவிட்டாள். உன் அப்பாவுக்கு அக்காள் என்றால் எனக்கு நாத்தனார், அவள் குணம் உனக்குத் தெரியாததா. கூடையைப் பார்த்தாளோ இல்லையோ, வெள்ளக்காரன் குதிரைக்குப் போடற கிழங்க வயித்துப் புள்ளக்காரிக்குக் குடுக்கறியா, சூடு ஏறிச்சின்னா போன தடவ மாதிரியே ஆயிடும், ஆமா சொல்லிட்டேன் என்று சொல்லியே விட்டாள். நாங்கள் இத்தனை நாள் தொண்டைக்குள் வைத்திருந்ததை நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டாள். கூடையை எடுத்து வெளியே வைக்கப் போனேன், அது நிஜம்.

குழலி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். வாய் அதிர்ந்து பேசாத பெண் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அவள் கேட்ட கேள்வியைக் கேள். பெரியத்தே, நான் பட்டினி கெடந்தா மட்டும் புள்ள தங்கிடுமா என்றாள். கோபமாகக்கூட இல்லை, வழி கேட்கிற மாதிரி கேட்டாள். உன் அத்தை முந்தானையை உதறிக்கொண்டு, நான் போகிறேன் என்று நிலைப்படிப் பக்கம் நகர்ந்தாள். குழலி என் பக்கம் திரும்பி, தெனம் காலையில குடுக்கறீங்களே இஞ்சியும் வெல்லமும், அது ஒண்ணுதான் எனக்குக் கொமட்டல, இத அதுல போட்டுப் பாருங்க அத்தை, தாளிக்காதீங்க, வெங்காயம் வாணாம் என்றாள்.

போட்டேன் ராஜா. நீ அங்கே தனியாகப் பொங்கித் தின்கிறவன், செய்துபார்க்க வேண்டும் என்பதற்காக விவரமாகவே எழுதுகிறேன். தோலைச் சுரண்டிவிட்டுச் சாய்வாக வட்டம் வட்டமாக நறுக்கிக்கொள். கனமாக நறுக்காதே. அடி கெட்டியான உருளியில் போட்டு அது முழுகாத அளவுக்குத் தண்ணீர் தெளித்து, உப்பு ஒரே ஒரு சிட்டிகை போட்டு மூடிவைக்க வேண்டும். முக்கால் வேக்காட்டில் மூடியை எடுத்துவிட்டு, வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்று. இஞ்சி இளசாக இருக்க வேண்டும், பாதியை இடித்துச் சாறு பிழிந்துகொள், மீதியை நூல் போல அரிந்து போடு. நெய் ஒரு கரண்டி. அதற்கப்புறம் அடுப்பை விட்டு நகரக் கூடாது, விறகை இழுத்துத் தணலில் வைத்து உருளியைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்டியால் கிளறினால் உடைந்துபோகும். பாகு வற்றிவற்றி வந்து ஒவ்வொரு வில்லையையும் பிடித்துக்கொள்ளும்போது பார்க்க வேண்டுமே, எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை வெயிலில் நிற்கிற மாதிரி ஒரு பளபளப்பு! இறக்கிவைத்த பிறகு எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. வீடெல்லாம் இஞ்சி மணம். குழலி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, அதைக் கவனித்தேன்.

கிண்ணத்தில் கொஞ்சமாக வைத்துக் கொடுத்தேன். ஒரு வில்லை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொன்று. உன் அப்பா தறியை நிறுத்திவிட்டு அங்கேயே தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கிறார். நான் செம்பில் தண்ணீரோடு பின்கட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன், எப்போது ஓடிவருவாளோ என்று. உன் அத்தை, போகிறேன் போகிறேன் என்று சொன்னவள் போகாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். தறிச் சத்தம் நின்றுபோனதால் பக்கத்து வீட்டுக்காரர்கூட, முதலியாரே யாருக்கு என்ன என்று எட்டிப்பார்த்துவிட்டு அவரும் நின்றுவிட்டார். இத்தனை பேர் பார்க்க ஒரு பெண் சாப்பிட்டால் அதுவே தொண்டையில் சிக்கும். அவளோ கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு விரலை நக்கிக்கொண்டு, கொஞ்சம் சோறு இருக்குதா அத்தை என்று கேட்டாள்.

செம்பு என் கையிலிருந்து விழுந்தது, தண்ணீர் எங்கே போயிற்று என்று இன்னும் தெரியவில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று உன் அப்பாவைக் கேட்டால் இரண்டும் ஒரே வாயால் என்பார். சோறு போட்டேன், அதையும் இந்தக் காரட்டைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள், படுத்தாள், தூங்கினாள். வாந்தி இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் மோர்சாதம் இறங்கியது. இன்றைக்குக் காலையில் இட்டிலி வேண்டும் என்று அவளே கேட்டாள், காஞ்சிபுரத்தில் பிறந்தவள் இட்டிலி கேட்டால் பிழைத்துக்கொண்டாள் என்று அர்த்தம். குதிரைத் தீனி என்று சொன்ன உன் அத்தை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உருளியின் அடியை வழித்துச் சாப்பிட்டதை நான் பார்த்துவிட்டேன், கேட்டதற்கு, உப்பு சரியா இருக்குதான்னு பார்த்தேன் என்கிறாள். அன்று முதல் தினமும் உப்புப் பார்க்க வருகிறாள்.

உன் அப்பாவின் கூத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சந்தோஷம் தலைக்கேறி, ரெண்டாம் ஈடு நான்தான் செய்வேன் என்று அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டார். பாகு பிடிக்கிற நேரத்தில் பாட்டு வந்துவிட்டது, பாடிக்கொண்டே இருந்தார். உருளியில் இருந்தது கருங்கல்லாகிவிட்டது. சம்மட்டி கேட்டார் என்றால் நம்புவாயா! அந்த உருளி இப்போதும் கிணற்றடியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அத்தோடு விட்டாரா, நான் செய்த நல்ல வில்லை ஒன்றை வாழை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரரிடம் போய், இதே நெறத்துல ஒரு பாவு நூலு வேணும், வளைகாப்புப் புடவைக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாயக்காரர் நிறத்தைப் பார்த்து முடித்துவிட்டு மாதிரியைத் தின்றுவிட்டாராம். இன்னொன்று கொடுத்தால்தான் சரியாக வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இனிமேல்தான் முக்கியமான சமாசாரம். நேற்றுச் சாயங்காலம் குழலி தானே தலை வாரிக்கொண்டு, கோயிலுக்குப் போய்ட்டு வரலாம் அத்தை என்றாள். மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்துப் படியில் கால் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. என்னம்மா என்னம்மா என்கிறேன். பிறகு என் காதோடு, அத்தை, உள்ள சின்ன மீனு மாதிரி துள்ளுது, திரும்பவும் துள்ளுது என்றாள். என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். வெளியில் எனக்கு எதுவும் தெரியவில்லை, அவள் முகத்தில் தெரிந்தது போதும். நான் போட்ட சத்தத்தில் குளத்தங்கரைப் புறாவெல்லாம் எழும்பிப் போயின, குருக்கள் திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டார், அவரிடம் சொல்ல வெட்கமாகப் போய், கால் வழுக்கிற்று சாமி என்றேன். விழுந்தும் இப்படிச் சிரிக்கிறாளே என்று அவர் நினைத்திருப்பார்.

காதில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. உனக்கு ரயில்வே வீடு கிடைக்குமா என்று மேலே உள்ளவர்களைக் கேட்டுக்கொண்டே இரு, வாய் வலிக்காது. தாவீதை நான் விசாரித்ததாகச் சொல், அடுத்த தடவை பசித்தால் பத்துகூடக் கடித்துக்கொள்ளலாம் என்று சொல். கச்சபேசுவரரும் அம்மனும் உன் கூடவே இருந்து காக்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடியில்லாமல், பெண்சாதி பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம். மாசியில் லீவு கேட்க மறந்துவிடாதே. குழலியைத் தனியாக எழுதச் சொன்னேன், வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் நான் எழுதுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது சொல்கிறாள், அவள் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: அடுத்த கூடைய யார் கையிலயும் குடுத்தனுப்ப வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க அத்தை, அவரே தூக்கிக்கினு வரட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும், கூடிய சீக்கிரம் உன் பிள்ளையையும் தூக்கிக் கொஞ்சப்போகிறவளுமான,
து. அம்சவேணி