புளியங்கொட்டைக்கு ஞாபகம் உண்டு

நானா,

மழைக்குணம் தெரிந்ததால் இன்று அஸர் தொழுதுவிட்டு உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தேன், புத்தகங்களை உள்ளறைக்கு மாற்றுவதற்காக. நீங்கள் கப்பலை விட்டு இறங்கி எத்தனையோ காலம். மௌத்தாகி மண்ணில் அடங்கியும் வருஷங்கள் போய்விட்டன. அந்தத் தாள்களில் இயந்திர எண்ணெய் மணம் மட்டும் போகவில்லை. அட்டைக்கு அட்டை ஒரு வாள்காரன், ஒரு நெருப்புப் பாம்பு, ஒரு இடிந்த கோட்டை. "இந்தக் குப்பைக்கு ஒரு பெட்டி இருக்கு, என்ட உடுப்புக்கு ஒரு அலுமாரி இல்ல" என்று உங்கள் பெண்சாதி, என் மதினி, கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தா.

புத்தகங்களுக்கு அடியில் கறுப்புப் பொலித்தீனில் சுற்றிய ஒரு சாமான் இருந்தது. அது உங்களுடையது அல்ல. தடித்த கம்பி வைத்த ஒரு போன். நடுக்கடலிலும் கதைக்கலாம் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு அதை ஒளித்து வைக்கத் தேவையில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போய், சுங்கத்துக்குத் தெரியாமல் சாமான் மாற்றிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் தேவை. இந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று இருப்பது என் பேரன் ரிஸ்வான் ஒருவன்தான். அவன் பெண்சாதி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். வருகிற மாதம் அவன் தகப்பனாகிறான்.

போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே காற்றாலைகளின் இறக்கைகள் ஒன்றும் சுழலவில்லை. எங்கள் மாம்புரிக் கரையில் அவை நிற்பதைப் பார்ப்பது நல்ல அடையாளமாக எனக்குப் படுவதில்லை.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் உங்கள் புத்தகங்களைப் புரட்டினேன். இங்கிலீசில் எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. படத்தைக் கண்டால் நீங்கள் சொன்னது வரும்.

கப்பலில் நீங்கள் சமைத்துப் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் பழக்கிவிட்ட விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இறங்கி நடக்க வேண்டும். குகை வந்தால் நுழைவதா திரும்புவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நுழைந்தவன் தப்புவானா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அதை விளையாடுகிறவர்களுக்கென்றே மாதாமாதம் வந்த சஞ்சிகைதான் இந்தப் பெட்டி நிறைய இருப்பது. நீங்கள் லீவில் வந்தால் நானும் மதினியும் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருப்போம். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்லுவீர்கள்.

சதுப்பில் கிடக்கும் ஏழு தலைப் பிராணி எதைத் தின்னும், எங்கே உறங்கும் என்று ஒரு கட்டுரை. "ஏழு தலைக்கும் வயிறு ஒண்டுதானெண்டா தலையள் சண்டை பிடிக்காதா?" என்று கேட்டேன். நீங்கள் தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "அத எழுதினவன் யோசிக்கல்ல புள்ள" என்றீர்கள். புதையல் பெட்டி போல உருமாறிக் காத்திருக்கும் பூதத்தைப் பற்றி இன்னொன்று. அறையில் எல்லாவற்றிலும் தூசி இருக்குமாம், பூதத்தின் மேல் மட்டும் இருக்காதாம். "எங்கட கரையில தூசி எங்க நிக்குது? துருப்பிடிக்காத பூட்டைத்தான் பார்க்கணும்" என்றேன். நீங்கள் மதினியைப் பார்த்து, "அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினது நல்லதாப் போச்சு. இவ இன்னும் படிச்சிருந்தா எங்களுக்கு வாய் திறக்க இடமில்ல" என்றீர்கள். அந்தச் சொல்லை இன்றைக்கும் நான் நகை போலத்தான் வைத்திருக்கிறேன்.

தாயக்கட்டை வீட்டு வாசல்படி தாண்டக் கூடாது, அது சூது என்று வாப்பா சொல்லிவிட்டார். அதனால் பிஸ்கட் டின் ஒன்றில் புளியங்கொட்டைகளைப் போட்டோம். ஒன்றில் மட்டும் வள்ளத்துக்கு அடித்த சிவப்புப் பெயின்ட். சிவப்பை எடுத்தவனின் கதை முடிந்தது. அளந்து எடுத்ததைத் திரும்பக் கொட்டினால் பரக்கத் போய்விடும், வீட்டில் எதுவும் பெருகாது என்பது மதினியின் சட்டம். அரிசிக்கு இருந்த அந்தச் சட்டத்தை அவ கொட்டைக்கும் போட்டுவிட்டா. எடுத்த கொட்டை மடியில்தான் கிடக்கும், டின்னுக்குத் திரும்பாது. விளையாட்டுத் தொடங்கும்போது சிரித்துக்கொண்டே கையை விடுவோம். போகப் போக டின் கலகலவென்று ஒலிப்பது குறையும். கடைசியில் யாரும் சிரிப்பதில்லை. மதினி பிஸ்மி சொல்லிக் கையை விடுவா.

வருஷங்கள் கழித்து ஒரு கட்டுரையை வாசித்துவிட்டு நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். "புள்ள, இவ்வளவு காலமும் நாங்க பிழையாத்தான் விளையாடியிருக்கிறம். தாயக்கட்டைக்கு ஞாபகம் இல்லையாம். போன தரம் என்ன விழுந்தது எண்டு அதுக்குத் தெரியாதாம். ஒவ்வொரு தரமும் புதுசு. நாங்க எடுத்த கொட்டையைத் திருப்பிப் போட்டிருக்கணும்."

"அப்ப எங்கட கொட்டைக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். "அதுதான் சரி நானா. சிவப்பு எண்டைக்காவது வந்துதான் ஆகும்."

நீங்கள் சஞ்சிகையை மூடி வைத்தீர்கள். பிறகும் நாங்கள் திருப்பிப் போட்டு விளையாடியதில்லை. என் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டத்தோடுதான் பழக்கினேன். அதில் கெட்டிக்காரன் ரிஸ்வான்.

இன்று அவன் வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்த போனைக் கண்டதும் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டான்.

"உம்மும்மா, அது கூட்டாளி ஒருத்தன்ட."

"கூட்டாளியின்ட சாமான் என்ட நானாட பெட்டிக்குள்ள என்னத்துக்கு முட்டையிடுது?"

சிரிப்பு வந்தது அவனுக்கு. பொய் சொல்ல வராத வம்சம் இது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சில தரம் போய் வந்துவிட்டானாம். இன்று இருட்டியதும் மறுபடி போகிறார்களாம்.

"ஒண்டும் நடக்கல்ல உம்மும்மா. ஒரு தரம்கூட நேவிட லைட்டைக் காணல்ல. ஓட்டுறவர் அனுபவக்காரர். இவ்வளவு தரம் நடக்காதது இண்டைக்கா நடக்கப் போகுது?"

போன வருஷம் இதே வேலைக்குப் போன ஒரு படகைப் பற்றி நான் சொல்லவில்லை. அதிலிருந்து எண்ணெய்க் கலன் ஒன்று மட்டும் கரைக்கு வந்தது அவனுக்கும் தெரியும். அதைத் தூக்கி வந்தவர்களில் அவனும் ஒருவன்.

எழுந்து போய் டின்னை எடுத்து வந்தேன். புளியங்கொட்டை கொஞ்சம் அள்ளிப் போட்டேன். சிவப்பையும் போட்டேன். எத்தனை போட்டேன் என்று அவனுக்குக் காட்டவில்லை.

"என்ன, சின்னப் பிள்ளை விளையாட்டா?"

"போன பயணம் ஒவ்வொண்டுக்கும் ஒரு கொட்டை எடு."

எடுத்தான். சும்மா எடுத்தான், நக்கல் பண்ணிக்கொண்டு. "இது முதல் தரம், கடல் பால் மாதிரி கிடந்திச்சு. இது ரெண்டாவது, குடல் வெளிய வர எனக்குச் சத்தி." ஒவ்வொன்றும் வெறும் கொட்டை. அவற்றை அவன் சாரத்தின் மடியில் போட்டான்.

"இப்ப இண்டைக்கு."

கையை விடப் போனவன் டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். சத்தம் மெலிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினான். நான் மூடியால் மறைத்தேன்.

"எத்தன இருக்கு உம்மும்மா?"

"கடல் சொல்லுமா?"

"இது ஞாயமில்ல. எடுத்ததைத் திருப்பிப் போடுங்க. கலக்கிட்டு எடுப்பம்."

"போய் வந்த பயணத்தைத் திருப்பிக் கடலுக்குள்ள போட உனக்கு ஏலுமா மகன்?"

அவன் கை டின்னின் வாயில் நின்றது. உள்ளே போகவில்லை. உங்கள் கட்டுரைக்காரன் சொன்னதுதான் சரி என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். கடலும் தாயக்கட்டை போலத்தான், அதற்கு நேற்று என்று ஒன்று இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் கடலில் போகிறவன் நேற்றை மடியில் கட்டிக்கொண்டல்லவா போகிறான்! தப்பி வந்த ஒவ்வொரு தரமும் அவன் பயத்தில் ஒரு கொட்டை குறைகிறது.

கையை எடுத்துக்கொண்டான். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது மெதுவாகக் கேட்டான்:

"நான் போகாட்டி கடைக்காரர்ட மகனைக் கூட்டிட்டுப் போவாங்க. அவனுக்கு நீந்தவும் தெரியா. அப்ப இந்தச் சிவப்புக் கொட்டை அவன்ட கைக்குத்தானே வரும்?"

டின்னை மூடி ஓரத்தில் வைத்தேன், நானா.

அந்த நேரத்தில்தான் நீங்கள் ஒரேயொரு தரம் சொன்ன ஒரு கட்டுரை ஞாபகத்தில் வந்தது. படமில்லாத பக்கம். கதை சொல்லுகிறவர்களுக்கு எழுதியது. அதைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "கதவுக்குப் பின்னால என்ன இருக்கு எண்டு உனக்குத்தான் தெரியும் புள்ள. மணத்தைச் சொல்லு, சத்தத்தைச் சொல்லு. ஆனா கதவு அவங்கட. கையைப் பிடிச்சு இழுத்தியெண்டா பிறகு அவங்க உன்ட கதைக்குள்ள வர மாட்டாங்க. ஒரு தரம் கேளு, என்ன செய்யப் போறீங்க எண்டு. கேட்டுட்டு வாயை மூடு." அன்று நான் சிரித்தேன். வாயை மூடச் சொல்ல ஒரு புத்தகம் வேணுமா என்று கேட்டேன்.

போனை ஒளித்து வைத்திருக்கலாம். தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். பிறக்கப் போகிற பிள்ளையின் பெயரால் சத்தியம் வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கினால் அடுத்த போனை அவன் வேறு வீட்டில் வைப்பான். அவன் போவது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

போனை அவன் கையில் கொடுத்தேன்.

"காற்றாலை நிக்குது, பார்த்தியா? மத்தியானத்துல இருந்து கரையில ஒரு காகமும் இல்ல. தெற்குப் பக்கம் மேகம் ஈயச் சட்டி மாதிரிக் கிடக்குது. உன்ட பெண்சாதி காலையில போன் எடுத்து, பிள்ளை துடிக்கிறது கூடிட்டு எண்டு சொன்னா" என்றேன். பிறகு கேட்டேன்: "என்ன செய்யப் போறாய்?"

மடியில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வரிசையாக வைத்தான். எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கரைப் பக்கம் நடந்தான். போன் கையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போகிறானா, ஏறப் போகிறானா, கடைக்காரர் மகனை இழுத்து வரப் போகிறானா என்று சொல்லவில்லை. வேலி வரை போய்க் கூப்பிட வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பொழுது பட்டு, பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு இதை எழுதுகிறேன். கரையில் எஞ்சின் சத்தம் கேட்கிறது. எந்தப் படகு என்று இங்கிருந்து தெரியாது. நீங்கள் சொல்லித் தந்த பூதங்களில் ஒன்றுக்கும் நான் பயந்ததில்லை, நானா. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னீர்களே, அந்த ஒன்றைத்தான் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, வாசல் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி