மல்லாந்து கிடந்த செவந்தி

நார்த்தாமலை,
மாசி 9, சனிக்கிழமை.

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அப்பா குணசேகரன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நாமக்கல் ஹாஸ்டலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முத்துமாரியம்மன் துணையிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசக் கிடைக்கிற ஐந்து நிமிடத்தையும் உன் அம்மாவே தின்றுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. உன் சிலந்தி செவந்தி நலமாக இருக்கிறது.

போன வாரம் வெள்ளிக்கிழமை அம்மா பழக்கதோஷத்தில் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுவிட்டாள். உன் அறையில் புகை கூடாது என்று நீ எழுதித் தந்த தாளை அலமாரிக் கதவில் டேப் போட்டு ஒட்டியதே அவள்தான். மறுநாள் காலையில் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் செவந்தி எட்டுக் காலும் மேலே தெரிய மல்லாந்து கிடக்கிறது. "ஏங்க, நானே கொன்னுட்டேங்க, புள்ளைக்கு என்னான்னு சொல்லுவேன்" என்று அம்மா ஒரே அழுகை. நீட் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் உன்னிடம் எப்படிச் சொல்வது? மறைத்துவிடுவோம் என்றுதான் முடிவு செய்தோம்.

செம்பருத்திச் செடியோரம் குழி வெட்டினேன். அம்மா அரை டம்ளர் பால் கொண்டுவந்தாள். எட்டுக்கால் பூச்சிக்குப் பால் தெளிக்கிற குடும்பம் இந்த ஜில்லாவிலேயே நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். பெட்டியைத் தூக்கும்போது ஒரு கால் லேசாக அசைந்தது. அப்படியே கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். பஞ்சர் கடையைத் திறக்கவில்லை. ஒரு லாரிக்காரர் போன் மேல் போன் போட்டார். "இன்னைக்கு முடியாதுங்க, வீட்டுல பிரசவம்" என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன்.

மத்தியானத்துக்குள் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளவென்று வெளியே வந்துவிட்டது. கழற்றிய தோலும் எட்டுக் காலோடு முழுச் சிலந்தி போலவே கிடந்ததால், இப்போது இரண்டாகிவிட்டதே என்று அம்மா வேறு பயந்தாள். உன் சிநேகிதி அன்புமொழிக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நீ எழுதிய தாளின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். டேப்பைப் பிரித்தால், மல்லாந்து கிடந்தால் தோல் உரிக்கிறது, தொட வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய்! பத்து நாள் இரை போடக் கூடாதாம். இதுவரை போடவில்லை.

தாயி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் ரிசல்ட் வந்த அன்று, ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். பதினொரு நாள் நீ யாரோடும் பேசவில்லை. நீ மூச்சு விடுகிறாயா என்று கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சென்னைக்குப் படிக்கப் போன அன்புமொழி, தான் வளர்த்த இந்தச் சாதுவான ஜீவனை உன்னிடம் விட்டுப் போனாள். மறுநாள் நீ கதவைத் திறந்து, "அப்பா, ஒரு கரப்பான் புடிச்சுத் தாங்க" என்றாய். கடையில் பழைய டயருக்குள்ளெல்லாம் கையை விட்டு, அழுதுகொண்டே பிடித்தேன். அந்தப் பிள்ளைக்கும் செவந்திக்கும் நான் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. உன்னிடம் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நன்றாகப் படி என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. மனசு சரியில்லை என்றால் வார்டனம்மாவிடம் சொல்லி எந்த நேரமும் கூப்பிடு. பரீட்சைக்கு முதல் நாளாக இருந்தாலும் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மகள் டாக்டராக வேண்டும் என்று எனக்கு ஆசைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு மகள் வேண்டும், தாயி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உன் அப்பா,
குணசேகரன்