லைசென்ஸ் உள்ள கைகள்

2013 மார்ச் 9, சனி

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் நெறிமுறை வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். இன்றைய நாள் அதிலேயே போயிற்று. சியாட்டிலில் ஜன்னலில்லாத ஒரு ஓட்டல் அறை, ஆறிப்போன காபி, அறை நிறைய மசாஜ்காரர்கள். ஒருவர் தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று இன்னொருவர் நோட்டம் விட்டுக்கொண்டே பாடம் கேட்டோம். அது எங்கள் தொழில் வியாதி.

பாடம் எடுத்தவள் கேட்டாள்: "கிளையன்ட் மேல உங்களுக்கே ஆசை வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

பின்வரிசையில் ஒருத்தி, "முதல்ல ஆசை வர்ற மாதிரி ஒருத்தன அனுப்பி வைங்க, அப்புறம் யோசிக்கிறேன்!" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

அப்புறம் திரையில் விதியைப் போட்டாள். எங்கள் மாநிலத்தில் கடைசி சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆக வேண்டும். அதுவரை கூட வெளியே போகக் கூடாது, காதல் பேசக் கூடாது. "ரெண்டு வருஷம் போகட்டும், பாக்கலாம்" என்று சொன்னால் அதுவும் குற்றம்தான். மீறினால் லைசென்ஸ் போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடமாகத் தெரியும். தெரியாதவள் போல எழுதிக்கொண்டேன்.

செவ்வாய் மூன்று மணிக்கு லூக்கா வருகிறார்.

மார்ச் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சொன்னது சரி, சொன்ன விதம்தான் கண்றாவி.

லூக்கா, தீவுகளுக்குக் கார்களை ஏற்றிப் போகும் ஃபெரி கப்பலில் டெக் வேலை பார்ப்பவர். கயிறு இழுத்து இழுத்து வலது தோள் கல்லாகிப் போய் ஒன்றரை வருடம் முன்பு வந்தார். போன வாரம் ஷூவைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு நாள் எங்கூட காபி குடிக்க வருவீங்களா?" என்று கேட்டார். முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் "ம்" என்றேன். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று மூன்று இரவு யோசித்தேன். அர்த்தம் தெரிந்ததும் பயந்துவிட்டேன்.

இன்று மேசையில் படுக்கவிடாமல், நிற்க வைத்தே சொன்னேன். "இனிமே நான் உங்களுக்குச் செய்ய முடியாது. பக்கத்து ரூம் ஹெஸ்டர் பாத்துப்பாங்க."

"நான் எதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்ல."

"பின்ன?"

சுவரைப் பார்த்துக்கொண்டே, "எங்க தொழிலுக்கான விதியெல்லாம் சுகாதாரத் துறை இணையதளத்துல போட்டிருக்காங்க. யார் வேணும்னாலும் படிக்கலாம்" என்றேன்.

ஐம்பது வயதில் ஒரு பெண் தன் மனதைத் திறந்து காட்டும் அழகு இது! அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 19, செவ்வாய்

மூன்று மணிக்கு மேசையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். யார் என்று இப்போது ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

வியாழன்தோறும் ஃப்ரைடே ஹார்பரில் எனக்கு வேலை. காரை ஃபெரியில் ஏற்றித்தான் தீவுக்குப் போக வேண்டும். இன்று டெக்கில் கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது லூக்கா. மஞ்சள் சட்டை, ஆரஞ்சுக் கையுறை. எல்லோருக்கும் காட்டுவது போலவே எனக்கும் கை காட்டினார். இடது, நேர், இன்னும் கொஞ்சம், போதும். நான் அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கக் குனிந்தவர் என் ஜன்னலுக்கு நேராக நிமிர்ந்து, "படிச்சேன்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த காருக்குப் போய்விட்டார். தீவு வந்து சேரும்வரை நான் காரைவிட்டு இறங்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

ஃபெரியில் முன்வரிசை இடம் யாருக்குக் கிடைக்கும் என்பது டெக் ஆள் கையில். அங்கே நிறுத்தினால் காருக்கு எதிரே ஒன்றுமில்லை, கடல்தான். மூன்று மாதமாக எனக்கு முன்வரிசை. நான் வரிசையில் முப்பதாவதாக வந்தாலும் எப்படியோ முன்வரிசை! பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான்.

இது பரிசா? வகுப்பில் கேட்டால் பரிசுதான், வாங்கக் கூடாது என்பார்கள். கேட்கப் போவதில்லை.

நவம்பர் 5

ஹெஸ்டரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அவரோட தோள் இப்ப எப்படி இருக்கு?"

துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எந்த அவர்? என் கிளையன்ட்டப் பத்தி உங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்டி. அதுக்கும் சட்டம் இருக்கு."

"ஹெஸ்டர்..."

"போடி. போய் ஒரு டீ குடி. மூஞ்சியப் பாரு, உப்புல போட்ட மீனு மாதிரி."

கோபம் வந்தது. அவள் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன், அதுதான் எரிச்சல்.

2014 மார்ச் 5

பாதி முடிந்தது. எண்ணக் கூடாது என்று வைத்திருந்தேன். எண்ணிவிட்டேன்.

ஒரு சந்தேகம் என்னைத் தின்கிறது, எழுதித் தொலைக்கிறேன். இதமான அறை, மெல்லிய விளக்கு, வலிக்கிற இடத்தைக் கேட்காமலே கண்டுபிடிக்கிற கை. அங்கே குப்புறப் படுத்திருக்கும் ஒருவருக்கு யார் மேல்தான் அன்பு வராது? விதி எழுதியவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் இரண்டு வருடம். வலி போன சுகத்தை மனுஷன் காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம், இல்லையா? அவருக்கு வேண்டியது நானா, இந்த இரண்டு கையா?

சரி, எனக்கு? எனக்கு அவர் முதுகுதானே தெரியும். அவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஏங்குகிறேன். வெட்கமில்லாமல் ஏங்குகிறேன். கடையில் ரொட்டி எடுக்கும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டிசம்பர் 11, வியாழன்

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்.

இன்னும் மூணே மாசம்தான் இருந்துச்சு. மூணே மாசம்!

நிதானமாக எழுதுகிறேன். காலை ஃபெரி. நல்ல குளிர், டெக் முழுவதும் ஈரம். வழக்கம்போல முன்வரிசையில் நிறுத்தினார். முட்டுக்கட்டை வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கார் மேல் ஒரு கையை ஊன்றி அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. தோள் பிடித்துக்கொண்டது என்று எனக்குப் புரிந்தது. கதவைத் திறந்தது தெரியாது. அவர் பின்னால் போய் நின்றது தெரியாது. சட்டைக்கு மேலாக என் கட்டைவிரல் வலது தோள்பட்டை எலும்புக்கு உள்ளே அந்த ஒரு இடத்தில் போய் அழுந்தியிருந்தது. இடது கை அவர் முழங்கையைத் தாங்கியிருந்தது. "மூச்ச விடுங்க" என்றேன். விட்டார். இன்னொரு மூச்சு. கட்டு இளகியது. என் விரலுக்குக் கீழே அது இளகுவதை உணர்ந்தேன். ஒன்றேமுக்கால் வருடத்துக்குப் பிறகு.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

"வெர்னா... இது கணக்குல சேருமா?"

நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

ஹெஸ்டரிடம் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காசு வாங்கினியா?"

"இல்ல."

"மேசை போட்டியா? எண்ணெய் தடவினியா? ஒருத்தன் விழப் போனான், புடிச்ச. பக்கத்து கார்க்காரன் புடிச்சிருந்தா அவனுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேப்பாங்களா?"

"பக்கத்து கார்க்காரனுக்கு அந்த இடம் தெரியாது ஹெஸ்டர். எனக்கு எப்படித் தெரியும்? அவர் என் கிளையன்ட்டா இருந்ததாலதான் தெரியும். கை நேரா அங்க போச்சு. தேடவே இல்ல."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அது சிகிச்சைதான் என்று அப்போதுதான் எனக்கே உறுதியாயிற்று.

சுகாதாரத் துறைக்கும் போன் போட்டேன். ஒரு தோழிக்காகக் கேட்பதாகச் சொன்னேன். "எல்லாரும் தோழிக்காகத்தான் கேக்கறாங்க மேடம்" என்றது அந்தப் பெண் குரல். "நான் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. உங்க தோழிக்கு மனசுல எது சிகிச்சைன்னு படுதோ..." என்று இழுத்தாள். "அவளுக்குத் தெரியுது" என்று வைத்துவிட்டேன்.

யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் புகார் கொடுக்க ஆளில்லை. ஆனால் நாளைக்கு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு வேண்டியது நானா கையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நேற்று அந்தக் கையை மறுபடி கொடுத்துவிட்டேன். இரண்டு வருடத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டிசம்பர் 18, வியாழன்

காரை ஏற்றும்போது அவர் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சேரும் என்று.

புரிந்தது. ஒரு கணம் கை காட்ட மறந்து நின்றார். பிறகு என்னைப் பின்னால், லாரிகளுக்கு நடுவே அனுப்பினார். கடலே தெரியாத இடம். முட்டுக்கட்டை வைக்க வேண்டாத இடம்.

கோபத்தில் அனுப்பினார் என்று முதலில் அழுதேன். பாதி வழியில்தான் உறைத்தது: என் கார் பக்கத்தில் அவர் குனியவே கூடாது என்று பார்த்திருக்கிறார்.

2015 மே 14, வியாழன்

லூக்கா டெக்கில் இல்லை. டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "தோள் ஆபரேஷனாம். ரெண்டு மூணு மாசம் ஆகும் வர."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? பூங்கொத்து அனுப்பலாமா? எனக்கு அங்கே என்ன பேர்? பழைய மசாஜ்காரி.

அந்தத் தோளை யாரோ அறுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 24, வியாழன்

லூக்கா திரும்பி வரவே இல்லை. பிரெமர்ட்டன் தடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாராம், அங்கே கயிற்று வேலை குறைவாம். வீட்டையும் அங்கேயே மாற்றிவிட்டார்.

இன்று ஒரு சின்னப் பையன் கை காட்டினான். முன்வரிசை கிடைத்தது. கடலை என்ன செய்வது, பார்த்துக்கொண்டிருந்தேன்.

2016 பிப்ரவரி 20

என் பிறந்தநாள். இந்த மாநிலத்தில் லைசென்ஸ் முடிவதும் பிறந்தநாளன்றுதான். புதுப்பித்தேன். ஐம்பத்து மூன்று.

மறந்திருப்பார். மறந்தால் தப்பா? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லவும் முடியாது. "காத்திருங்க" என்று சொல்ல உரிமை இல்லாதவள், காத்திருக்கவில்லை என்று எப்படிக் கோபிப்பாள்? ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 12, திங்கள்

முடிந்தது. இரண்டு வருடம். போனைக் கையில் எடுக்கவில்லை.

டிசம்பர் 16, வெள்ளி

ஹெஸ்டர் மதியம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "அடியே, நாலு வருஷமா உன் மூஞ்சியச் சகிச்சுட்டேன். இன்னும் ஒரு வாரம் என்னால ஆகாது. ஒண்ணு போன் பண்ணு, இல்ல லீவு போட்டுட்டுப் போ."

காருக்குள் உட்கார்ந்து பண்ணினேன். எடுத்தார். என்ன சொல்வது என்று வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"நான் வெர்னா. உங்களுக்கு இனிமே எப்பவுமே மசாஜ் பண்ண மாட்டேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."



"எப்பவுமேவா?"

"எப்பவுமே. இடுப்புப் புடிச்சுக்கிட்டாக்கூட."

"சரி. அப்போ சாப்பிட வாங்க" என்றார்.

2017 ஜனவரி 8, ஞாயிறு

பிரெமர்ட்டன் போய்விட்டு வந்தேன். நேற்று போனேன், இன்று மத்தியானம்தான் வந்தேன்.

மாடியில் சின்ன வீடு. அவர் அம்மா கிரோஷியாவிலிருந்து கொண்டுவந்த முறையில் மீன் குழம்பு வைத்து, மக்காச்சோளக் களி கிண்டியிருந்தார். களி அடிப்பிடித்துவிட்டது. அவருக்கு அடிப்பிடித்ததுதான் பிடிக்குமாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

மேல் தட்டிலிருந்து தட்டை எடுக்க இடது கையைத் தூக்கினார். வலது கை தோளுக்கு மேல் போகாது. சட்டைக் கழுத்தோரம் தழும்பு தெரிந்தது. எனக்குத் தெரிந்த முதுகு அது இல்லை. என் விரல்கள் ஞாபகம் வைத்திருந்ததெல்லாம் வீண். கை தானாக எழுந்தது. அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பயமா இருக்கு" என்றேன். "உங்களத் தொட்டா கை வேலையப் பாக்க ஆரம்பிச்சிடும்."

"நீங்க தொட வேணாம். சும்மா இருங்க."

எழுந்து என் பின்னால் வந்தார். நாள் முழுக்க நான் மற்றவர்களைத் தொடுகிறேன். மாதம் ஒரு முறை ஹெஸ்டர் என் முதுகைப் பார்ப்பாள், அது தொழில் கை. வேறு யாரும் என்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவர் கை என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. கயிற்றால் காய்த்துப் போன, ஒன்றும் தெரியாத கை. சதையை விட்டுவிட்டு எலும்பின் மேலேயே அழுத்தினார். முதல் வார வகுப்பிலேயே செய்யக் கூடாது என்று சொல்லித்தருவார்கள்.

"சரியாப் பண்றேனா?" என்றார்.

"ரொம்ப சரி" என்றேன். கையை எடுத்துவிடப் போகிறாரே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.